ஆர்.ஆர். வேலை: ரீல் கைக்கு வந்தது முதல் ஸ்டெம் போய்ச் சேரும் வரை

கோடம்பாக்கத்தில் ஒரு இசையமைப்பாளரை ஊருக்குத் தெரியவைப்பது பாட்டு. அடுத்த படத்தை வாங்கித் தருவது பல நேரம் ரீரெக்கார்டிங் (ஆர்.ஆர்.), அதாவது படத்துக்குப் பின்னணி இசை போடும் வேலை. பாட்டுக்கு மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும்; ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பின்னணி இசைக்கு மூன்று வாரம் கிடைத்தாலே பெரிது. அந்த மூன்று வாரத்தில் டியூன் வராமல் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) தப்பி, எடிட் மாறி, ஸ்டெம் (வாத்திய வகை வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் ஆடியோ) குழம்பி, கையில் அக்ரிமென்ட் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். ராகமும் ஹார்மனியும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, இந்த மிச்ச சமாச்சாரங்களைப் பார்ப்போம்.

நுழையும் வாசல்

இளையராஜா 1976-க்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். ரஹ்மான் 1992-க்கு முன் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர். 2001-இல் படம் கிடைக்கும் வரை ஹாரிஸ் ஜெயராஜ் புரோகிராமிங் செய்துகொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த வாசல்தான் திறந்திருக்கிறது: கீபோர்டு புரோகிராமர். சொல்லித்தரும் டியூனைச் சாம்பிள் லைப்ரரியில் (முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலித் தொகுப்பில்) ஆர்கெஸ்ட்ராவாக்குவது, டெம்போ மேப் (எந்த இடத்தில் என்ன வேகம் என்ற குறிப்பு) போடுவது, எடிட் மாறினால் கியூவை (ஒரு காட்சிக்கான இசைத் துண்டை) வெட்டி ஒட்டுவது எல்லாம் இவர் தலையில். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சேரும்போதே ஒன்றைப் பேசிவிடுங்கள்: சொன்னதைப் புரோகிராம் செய்வது வேறு, கியூவையே நீங்கள் எழுதுவது வேறு. எழுதினால் டைட்டிலில் ‘கூடுதல் இசை’ என்று பெயர் வருமா, உரிமைப் பங்கு உண்டா என்பது வேலைக்கு முன்பே ஒரு மின்னஞ்சலிலாவது இருக்க வேண்டும்.

ஷோரீலை மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மாஸ் என்ட்ரியாகவே அடுக்கி வைத்தால் இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று கட்டாயம் வேண்டும், வசனத்தோடு. வசனத்துக்கு அடியில் உங்கள் இசை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் விஷயம் தெரிந்தவர் கேட்பார். பிரபலமான படத்தின் காட்சியை எடுத்து மறுபடி இசையமைப்பதும் வேண்டாம். பார்ப்பவர் காதில் பழைய இசைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

சீரியல்: வேறு கணக்கு

தினசரி சீரியலில் எபிசோடு எபிசோடாக யாரும் இசையமைப்பதில்லை. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், வாரம் ஐந்தாறு நாள். அந்த வேகத்துக்கு ஒரு தீம் பேங்க் கட்டித் தருவதுதான் வேலை. அதிலிருந்து எடுத்து ஒட்டுவது எபிசோடு மிக்ஸ் செய்பவர். அவர் கை எப்படிப் போகும் என்று யோசித்துக் கட்டுங்கள்.

ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு தீம். அது போக சோகம், சந்தேகம், சதி, கோவில், கல்யாண வீடு, காமெடி. ஒவ்வொன்றையும் நான்கு வடிவில் கொடுங்கள்: முழுசு, ரிதம் இல்லாமல், மெலடி இல்லாமல், வெறும் ட்ரோன் (நீட்டிப் பிடித்த ஒலி) மட்டும். நீளம் ஒரு நிமிடம், பதினைந்து வினாடி, அப்புறம் முகத்துக்கு முகம் ஜூம் போகும்போது அடிக்கும் மூன்று நான்கு வினாடி ஸ்டிங்கர். ஸ்டிங்கர்கள் எல்லாம் தீமின் சுருதியிலேயே இருக்க வேண்டும். இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 2 கட்டையில் சோகம் ஓடும்போது 2½ கட்டையில் ஸ்டிங்கர் விழுந்தால் அதிர்ச்சி வராது, அபஸ்வரம்தான் வரும். பேங்க் முழுவதையும் இரண்டே சுருதிகளில் அடக்கிவிடுவது நல்லது.

ஃபைல் பெயரில் ‘தீம் 7 ஃபைனல் புதுசு’ என்று இருந்தால் ராத்திரி எபிசோடு முடிக்கிறவர் அதைத் தொடமாட்டார். ‘மாமியார், சதி, ரிதம் இல்லை, 60 வினாடி’ என்று இருந்தால் தொடுவார்.

படம் கைக்கு வரும்போது

எடிட்டரிடம் கேட்க வேண்டியவை: ரீல் ரீலாகப் பிரித்த லாக் ஆன (இனி மாறாது என்று முடிவான) எடிட், திரையிலேயே டைம்கோடு (மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் எண்) பதிந்த வீடியோ, தனி டிராக்கில் வசனம், இன்னொரு டிராக்கில் டெம்ப் மியூசிக் (எடிட்டிங்கின்போது தற்காலிகமாக ஒட்டிய இசை). வசனமும் டெம்ப்பும் ஒரே டிராக்கில் கலந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள். டெம்ப்பை மியூட் செய்ய முடியாவிட்டால் அதன் நிழலிலேயே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து ஃபிரேம் ரேட். திரையரங்குப் படம் 24. டிவிக்கு எடுப்பது 25. சில கேமராக்களும் எடிட் புராஜெக்டுகளும் 23.976-இல் இருக்கும், மெனுவில் பார்த்தால் 24 போலவே தோன்றும். 23.976-க்கும் 24-க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இருபது நிமிட ரீலின் கடைசியில் அது 1.2 வினாடி. முதல் காட்சியில் எல்லாம் சரியாக இருக்கும், ரீலின் கடைசி நெருங்க நெருங்க அடி ஒன்றும் படத்தில் விழாது. 24-ஐ 25 என்று ஓட்டினால் அதே ரீலில் 48 வினாடி போய்விடும். அது உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்து குறைவு.

ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டு 44.1-இல் பதிவாகியிருந்தால் முறையாகக் கன்வெர்ட் செய்துதான் ரீலுக்குள் கொண்டுவர வேண்டும். செய்யாமல் இழுத்துப் போட்டால் சில செட்டப்புகளில் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறி, வேகமாக ஓடும்.

ஒவ்வொரு ரீலின் தலையிலும் 8 வினாடி லீடர் (படத்துக்கு முன் வரும் எண்ணிக்கைப் பகுதி) இருக்கும். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 வினாடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ‘பீப்’. அந்த பீப்பை உங்கள் செஷனிலும் அதே இடத்தில் வைத்து, கடைசியில் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்டெம்மிலும் பதிய வையுங்கள். மிக்ஸிங் தியேட்டரில் சின்க் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்தில் தீரும்.

இயக்குநரோடு உட்கார்ந்து பார்ப்பது

படத்தை ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை இயக்குநர், எடிட்டர், முடிந்தால் சவுண்டு டிசைனரையும் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி. மழை, ரயில், ஜெனரேட்டர் சத்தம் எங்கே வரப்போகிறது என்று சவுண்டு டிசைனருக்குத்தான் தெரியும். அங்கே நீங்கள் 60 ஹெர்ட்ஸில் பாஸ் ட்ரோன் போட்டு வைத்தால் மிக்ஸில் இரண்டில் ஒன்று செத்துப்போகும், அநேகமாக உங்களுடையது.

ஒவ்வொரு கியூவுக்கும் எண், தொடங்கும் டைம்கோடு, முடியும் டைம்கோடு, எதற்காக இசை என்று ஒரே வரி. மூன்றாம் ரீலின் ஐந்தாவது கியூ என்றால் ‘3எம்5’. எங்கே இசை வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பின்னால் பயம் வந்து எல்லா இடத்தையும் நிரப்பச் சொல்வார்கள். அப்போது எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.

நம் படங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இடைவேளை. இடைவேளை கார்டு விழும்போது இசை உச்சத்தில் நிற்கும், ரீலும் அங்கேயே முடியும். கடைசி அடியின் ரீவர்ப் அடங்க நான்கைந்து வினாடி ஆகும். அவ்வளவு கறுப்பு ஃபிரேம் அங்கே இருக்கிறதா என்று எடிட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கத்தி வைத்து அறுத்ததுபோல் நிற்கும்.

அடியைப் படத்தில் விழவைப்பது

சூத்திரம் சின்னது: டெம்போ = 60 × அட்சர எண்ணிக்கை ÷ வினாடி.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கியூ 03:07:10:00-இல் தொடங்குகிறது. அவள் பீரோவைத் திறந்து கடிதத்தைப் பார்ப்பது 03:07:47:12-இல். 24 ஃபிரேம் கணக்கில் இடைவெளி 37.5 வினாடி. படத்தைப் பார்த்துத் தட்டியபோது 100 நன்றாக இருந்தது என்று வையுங்கள். 100-இல் அந்த நேரத்துக்குள் 62½ அட்சரம் வரும். அரை அட்சரத்தில் கடிதம், எங்கும் சேராது.

இப்போது தேர்வுகள். 64 அட்சரம் எடுத்தால் டெம்போ 102.4. ஆதி தாளம் எட்டு ஆவர்த்தனம் முடிந்து கடிதம் சமத்தில் விழும். 60 எடுத்தால் 96. ஆதியில் அது ஏழரை ஆவர்த்தனம், சமம் கிடைக்காது. மூன்று எண்ணிக்கையில் போனால் இருபது சுற்று முடிந்து சரியாக நிற்கும். மிஸ்ர சாபு போட்டால் ஒன்பது சுற்று, 63 அட்சரம், டெம்போ 100.8. முதலில் தட்டியதற்கு இதுதான் மிக அருகில். ஏழின் நொண்டல் அந்தப் பதற்றத்துக்கும் பொருந்தும். வசனம் அடர்த்தியான இடமென்றால் நாங்கள் 64-ஐத்தான் எடுப்போம். கேட்பவர் கவனம் தாளத்தில் போய் மாட்டக் கூடாது.

கியூவின் நடுவே டெம்போவை இழுத்துச் சுருக்கி எல்லா வெட்டையும் பிடிக்கலாம் என்று சாஃப்ட்வேர் ஆசை காட்டும். ஒரு கியூவில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடத்தைப் பிடித்தால் போதும். எல்லா வெட்டிலும் அடி விழுந்தால் காட்சி கார்ட்டூனாகிவிடும். பிடிக்கிற இடத்திலும் ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்தி விழுந்தால் கண் மன்னிக்கும், முந்தி விழுந்தால் மன்னிக்காது. 24-இல் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிசெகண்டு. மெதுவாகத் தொடங்கும் ஸ்டிரிங்ஸ் சாம்பிள்கள் அதைவிட அதிகம் பிந்தும் என்பதால், கட்டத்தில் சரியாக வைத்த நோட்டும் படத்தில் தாமதமாகக் கேட்கும். அந்த டிராக்கை மட்டும் முன்னால் தள்ளுங்கள்.

வசனத்துக்கு இடம் விடுவது

வசனம் புரிவது பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். வயலின் உயரத்தில் வாசிக்கும் மெலடி, புல்லாங்குழல், ஷேக்கர் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஈக்யூவில் வெட்டுவதைவிட எழுதும்போதே விலகுவது மேல்: பேச்சு ஓடும்போது மெலடி நிற்கட்டும், செல்லோவும் வயோலாவும் நீட்டிப் பிடிக்கட்டும், பேச்சின் இடைவெளியில் மெலடி எட்டிப் பார்க்கட்டும். பேசுபவரின் குரல் ஸ்தாயியிலேயே தனி வாத்தியம் வாசிக்க வேண்டாம். ஆண் குரலுக்கு அடியில் செல்லோ சோலோ போட்டால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும்.

லைவ் வாசிப்பு

பட்ஜெட் எவ்வளவு சின்னதானாலும் கியூவுக்கு ஒரு வாத்தியமாவது உயிரோடு இருக்கட்டும். நாற்பது சாம்பிள் வயலினுக்கு மேல் ஒரே ஒரு நிஜ வயலின் வாசித்தால் மொத்தமும் நம்பும்படி ஆகிவிடும்.

நாதஸ்வரத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் கியூவின் சுருதியை முடிவு செய்யும் முன் வித்வானுக்குப் போன் போடுங்கள். பாரி நாதஸ்வரம் 2, 2½ கட்டைப் பக்கம் நிற்கும். 5 கட்டையில் எழுதிவிட்டு வாசிக்கச் சொல்ல முடியாது. புல்லாங்குழல்காரர் சுருதிக்கு ஒரு குழல் வைத்திருப்பார், ஆனால் எந்தக் குழலை எடுத்து வர வேண்டும் என்று முந்தின நாளே தெரிய வேண்டும். தவில், பறை வாசிப்பவர்களைச் சின்ன அறையில் உட்காரவைத்து மைக்கைப் பக்கத்தில் வைத்தால் டிஸ்டார்ஷன்தான் கிடைக்கும். ஆறேழு அடி தள்ளி ஒரு ஜோடி மைக் போதும்.

கர்நாடக வித்வானுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனும் வேண்டாம், கீபோர்டில் வாசித்த வழிகாட்டி டிராக்கும் வேண்டாம். கீபோர்டில் கமகம் வராது, அந்த மொட்டை ஸ்வரத்தையே அவரும் வாசித்துவிடுவார். பாடிக் காட்டுங்கள், ஸ்வரம் எழுதிக் கொடுங்கள். அமைதியான கியூவில் ஹெட்ஃபோனிலிருந்து கிளிக் (தாளம் பிடிக்கக் காதில் ஓடும் டிக் டிக்) கசிந்து மைக்கில் ஏறும். ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்ஃபோன் தவிர்த்து, கடைசி நோட்டுக்கு முன்னால் கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

புடாபெஸ்ட்டிலோ வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலோ ஆர்கெஸ்ட்ரா எடுப்பது இப்போது நடுத்தரப் படங்களுக்கும் எட்டுகிறது. இணையத்தில் நேரலையாகக் கேட்டபடி திருத்தம் சொல்லலாம். அங்கே கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அனுப்ப வேண்டியவை: முழு ஸ்கோர், வாத்தியம் வாரியாகத் தாள்கள், கிளிக், 48 கிலோஹெர்ட்ஸ் செஷன், டெம்போ மேப். தாளில் உள்ள பார் எண்ணும் செஷனில் உள்ள பார் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘34-ஆம் பாரிலிருந்து’ என்று நீங்கள் சொல்ல, அவர்கள் வேறு இடத்திலிருந்து வாசித்தால் ஓடுவது உங்கள் காசு. கிளாரினெட், ஹார்ன் தாள்கள் டிரான்ஸ்போஸ் ஆகியிருக்கின்றனவா என்பதையும் ஒரு தடவை அச்செடுத்துக் கண்ணால் பாருங்கள்.

‘ஃபீல் வரல’

இயக்குநர்கள் இசை மொழியில் பேசமாட்டார்கள், பேச வேண்டியதும் இல்லை. ‘ஃபீல் வரல’ என்றால் கியூவை மாற்றும் முன் அதன் தொடக்கத்தை நகர்த்திப் பாருங்கள். நடிகர் கண் கலங்கும் முன்பே இசை அழ ஆரம்பித்திருக்கும். ஒரு ஷாட் தள்ளித் தொடங்கினாலே பாதி தீர்ந்துவிடும். ‘பஞ்ச் பத்தல’ என்றால் அடிக்கு முன்னால் அரை வினாடி மௌனம் விடுங்கள். ‘எலிவேஷன் வேணும்’ என்றால் லேயர் சேர்ப்பதற்கு முன் அதற்கு முந்தைய இருபது வினாடியைக் குறையுங்கள். மட்டமாக இருந்தால்தானே ஏறும்? ‘டெம்ப் மாதிரியே வேணும்’ என்றால் டெம்ப்பில் பிடித்தது எது என்று கேளுங்கள்: வேகமா, வாத்தியமா, நுழையும் இடமா. பல நேரம் நுழையும் இடம்தான். மெட்டை நகலெடுத்துக் கொடுத்தால் வழக்கு வரும்போது இயக்குநர் பெயர் வராது.

லாக் ஆன எடிட் லாக் ஆகவே இருக்காது. சென்சாரில் வெட்டுவார்கள், ரிலீசுக்கு முந்தின வாரம் பத்து நிமிடம் குறைப்பார்கள். அதனால் மாற்றம் வரும்போதெல்லாம் எடிட்டரிடம் மாற்றப் பட்டியல் கேளுங்கள்: எந்த டைம்கோடில் எத்தனை ஃபிரேம் போனது, வந்தது. வெட்டும் இடத்தை இசையில் பாருக்குப் பார் பொருத்தி, மிச்சமுள்ள வித்தியாசத்தை நீண்ட நோட்டு ஒன்றில் ஒளித்துவிடலாம்.

ஸ்டெம்

மிக்ஸிங் இன்ஜினியருக்கு ஆறு முதல் எட்டு ஸ்டெம் போதும்: ஸ்டிரிங்ஸ், பிராஸும் வுட்விண்டும், தனி வாத்தியம், ரிதம், தாழ்ந்த பெர்கஷன், சிந்த், குரல். ரீல் நீளத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறுகள் மூன்று. எல்லா வாத்தியமும் ஒரே ரீவர்ப்புக்குப் போனால் ரிதம் ஸ்டெம்மை மியூட் செய்தாலும் அதன் ரீவர்ப் வேறு ஸ்டெம்மில் பேய் மாதிரி நிற்கும். ஸ்டெம்முக்கு ஒரு ரீவர்ப் வேண்டும். கிக் அடிக்கும்போது ஸ்டிரிங்ஸ் அமுங்கும்படி சைட்செயின் போட்டிருந்தால் தனித்தனியே எடுக்கும்போது அது குலையும். மாஸ்டரில் லிமிட்டர் (உச்சத்தை அமுக்கும் கருவி) இருந்தால் எடுத்துவிடுங்கள், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். சரிபார்க்க: எல்லா ஸ்டெம்மையும் சேர்த்து ஓட்டி, முழு மிக்ஸின் போலாரிட்டியைத் திருப்பி மேலே வையுங்கள். மௌனம் வந்தால் சரி. ஏதாவது கேட்டால், கேட்பதுதான் தப்பு.

5.1 (ஆறு சேனல் சரவுண்டு) கொடுத்தால் சேனல் வரிசையை எழுத்தில் கொடுங்கள். இடது, மையம், வலது என்று போவது ஒரு மரபு. இடது, வலது, மையம் என்று போவது இன்னொன்று. மாறினால் உங்கள் வலதுபக்க வயலின்கள் வசனத்தின் மேலே வந்து உட்காரும். மையச் சேனலை எப்படியும் பெருமளவு காலியாக விடுங்கள்.

பின்னணி இசையில் தமிழ் வார்த்தையோடு குரல் இருந்தால் அது தனி ஸ்டெம்மாக இருந்தே ஆக வேண்டும். தெலுங்கு, இந்தி டப்பிங்குக்கு மியூசிக்-எஃபெக்ட்ஸ் டிராக் (வசனம் இல்லாமல் இசையும் மற்ற ஒலிகளும் மட்டும்) கேட்பார்கள். பிரிக்க முடியாவிட்டால் அந்தக் கியூவை இலவசமாக மறுபடி செய்துகொண்டிருப்பீர்கள்.

காசும் காகிதமும்

இங்கே பெரும்பாலும் பேக்கேஜ். ஒரு மொத்தத் தொகை, அதற்குள் வாத்தியக்காரர், பாடகர், புரோகிராமர், ஸ்டூடியோ, பாட்டு மிக்ஸ் எல்லாம் உங்கள் செலவு. ஒப்புக்கொள்ளும் முன் செலவை வரி வரியாகப் போட்டுப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் சம்பளம். படத்தின் ஃபைனல் மிக்ஸ் தயாரிப்பாளர் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தில் ஒரு பங்கு, பாட்டு முடிந்ததும் ஒன்று, ரீல் வந்ததும் ஒன்று, ஸ்டெம் கொடுக்கும் முன் மிச்சம். ‘ரிலீசுக்கு அப்புறம்’ என்று தள்ளிவைக்கும் தவணை வந்து சேருவது அபூர்வம். கியூவுக்கு எத்தனை திருத்தம், லாக் ஆன பின் மறு எடிட் வந்தால் எவ்வளவு கூடுதல் என்பதும் அக்ரிமென்டில் இருக்கட்டும்.

உரிமை விஷயத்தில், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தைத் தெரிந்துகொள்ளாமல் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். படத்துக்காக எழுதிய இசையைத் திரையரங்கில் படத்தோடு ஓட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு, ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் விட்டுக்கொடுக்க முடியாது. ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று எழுதி வாங்கினாலும் அந்த வரி செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ‘நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்’ என்று அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள்.

ராயல்டி தானாக வீட்டுக்கு வராது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற ராயல்டி வசூல் சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு படைப்பையும் பதிய வேண்டும். பாட்டைப் பதிந்துவிட்டுப் பின்னணி இசையை மறந்துவிடுகிறார்கள். அதுவும் இசைப் படைப்புதான். கியூ ஷீட்டில் (படத்தில் வரும் இசையின் பட்டியலில்) கியூவின் பெயர், நீளம், எந்த வகைப் பயன்பாடு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பப்ளிஷர், பங்கு சதவீதம் இருக்க வேண்டும். இதைத் தயாரிப்பாளர் அலுவலகம் செய்யும் என்று காத்திருக்காமல் நீங்களே தயாரித்து அனுப்பிவிடுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் எவ்வளவு, உரிமை மாற்றம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டுவதா, எதிர்த்தரப்பு கட்டுவதா என்பது மாறும். பில் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு போன்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பிளக்இன் இல்லாத வெறும் ஆடியோவாகவும் எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். ஓ.டி.டி. பதிப்பு, டப்பிங், டீசர் என்று ஒரு வருடம் கழித்து யாராவது கேட்பார்கள். அன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் அந்த சாம்பிள் லைப்ரரி திறக்காமல் போகலாம். சாம்பிள்களின் லைசென்ஸ் ரசீதும் அதே டிஸ்கில் இருக்கட்டும். எல்லோருக்கும் விற்கப்படும் ஒரு லூப்பை மெலடிக்கு அடியில் போட்டிருந்தால், யூடியூபில் வேறு யாரோ அதைத் தன் பாட்டு என்று உரிமை கோரி வைத்திருப்பார்கள். எதிர்த்து முறையிட அந்த ரசீது வேண்டும்.